மணிக்கட்டில் மின்னும் எண்: இதயத் துடிப்பை அளந்த கருவிகளின் கதை

கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிப் பூங்காவிலும் சிங்கப்பூர் பிஷான் பூங்காவிலும் மாலை வேளையில் நடைப்பயிற்சி செய்வோரைக் கவனித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். சிறிது தூரம் நடந்ததும் கையை உயர்த்தி மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். மணி பார்ப்பதற்காக அன்று. தங்கள் இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்று தெரிந்து கொள்வதற்காக. அந்த எண்ணைக் கண்டு சிலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சிலர் பயந்து போய் அருகிலுள்ள இருக்கையில் அமர்ந்து விடுகிறார்கள்.

கடைகளில் இந்தக் கருவிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. ஒரு வேளை குடும்பச் சாப்பாட்டுச் செலவில் ஒன்று, ஒரு மாத வாடகையை எட்டும் விலையில் மற்றொன்று. இரண்டுமே இதயத் துடிப்பைக் காட்டும் என்கிறது விளம்பரம். எது சரியாகக் காட்டும் என்பதுதான் வாங்குவோரின் கேள்வி.

இது வெறும் பொழுதுபோக்குச் சாமானைப் பற்றிய கேள்வியும் அன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்திய சமூகத்தினரிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. இதய நோயும் அதன் பின்னாலேயே வருகிறது. "நடங்கள், ஆனால் துடிப்பு இந்த அளவைத் தாண்ட வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய ஒருவருக்கு அந்த எண்தான் வழிகாட்டி. கருவி முப்பது துடிப்பு குறைத்துக் காட்டினால், நிற்க வேண்டியவர் நிற்காமல் நடப்பார். முப்பது கூட்டிக் காட்டினால், தாராளமாக நடக்கக் கூடியவர் பயந்து உட்கார்ந்து விடுவார்.

எந்தக் கருவியை நம்பலாம் என்ற கேள்வி இந்த நூற்றாண்டில் பிறந்ததன்று. துடிப்பை எண்ணத் தொடங்கிய நாளிலேயே அதுவும் பிறந்து விட்டது.

விரல் நுனியில் தொடங்கிய கலை

நாடி பார்ப்பது உலகின் பழைய மருத்துவங்கள் அனைத்துக்கும் பொதுவான வழக்கம். சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரித்து அறிவார். ஒரு நாடி அன்னம்போல் நடக்கிறது, ஒன்று ஆமைபோல் ஊர்கிறது, மற்றொன்று பாம்புபோல் நெளிகிறது என்று உயிரினங்களின் நடையோடு ஒப்பிட்டுச் சொல்லும் மரபு அது. சீன மருத்துவத்திலும் நாடிக்கென்றே தனி நூல்கள் எழுந்தன. அரபு உலகில் இப்னு சினா 11ஆம் நூற்றாண்டில் எழுதிய மருத்துவப் பெருநூலில் நாடியைப் பற்றி விரிவாக எழுதினார்.

இவர்கள் எல்லாரும் பெரும்பாலும் நாடியின் தன்மையைப் பார்த்தார்கள். நிமிடத்திற்கு எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. வைக்க வழியும் இல்லை. நிமிடத்தைச் சரியாகக் காட்டும் கடிகாரம் அன்று கிடையாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோஃபிலஸ் என்னும் மருத்துவர் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு நாடியை அளக்க முயன்றார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. அந்த முயற்சி பரவலான வழக்கமாக மாறவில்லை.

நூலில் தொங்கிய குண்டு

துடிப்பை எண்ணாக மாற்றும் முயற்சி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் சூடு பிடித்தது. சாந்தோரியோ என்ற மருத்துவர் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். எதையும் அளந்து பார்க்காமல் விடுவதில்லை என்பது அவருடைய குணம். தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து உண்டு, உறங்கி, தம் உடல் எடை எப்படி மாறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தவர் அவர்.

நாடிக்கு அவர் பயன்படுத்திய கருவி எளிமையானது. ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டி ஊசலாட விட்டார். நூல் நீளமாக இருந்தால் குண்டு மெதுவாக ஆடும், குட்டையாக இருந்தால் விரைவாக ஆடும். நோயாளியின் நாடியோடு ஊசலின் ஆட்டம் ஒத்துப் போகும் வரை நூலைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பார். ஒத்துப் போனதும் நூலின் நீளத்தைக் குறித்துக் கொள்வார். நேற்று இருந்த நீளத்தை விட இன்று நூல் குட்டை என்றால் நாடி வேகம் பிடித்திருக்கிறது என்று பொருள். நிமிடத்திற்கு இத்தனை என்ற கணக்கு இல்லாமலே நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடிந்தது.

ஒரே மனிதரை ஒரே கருவியால் நாள்தோறும் அளந்து ஒப்பிடுவது என்ற அந்த வழி இன்றைய மணிக்கட்டுப் பட்டைக்கும் பொருந்தும்.

ஐந்தாறு துடிப்பைக் கூட்டிக் கொண்ட மருத்துவர்

அடுத்த படி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. லிச்ஃபீல்டு நகரில் வாழ்ந்த சர் ஜான் ஃபுளோயர் என்ற மருத்துவர் நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரம் செய்வித்தார். சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரக் கலைஞர் அதைச் செய்து கொடுத்தார். அதைப் பற்றி 1707இல் ஃபுளோயர் ஒரு நூலும் வெளியிட்டார். அறுபது வினாடி ஓடக் கூடிய அந்தக் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து நோயாளியின் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று மருத்துவர்கள் இன்று பேசும் பேச்சுக்கு அந்தப் பெட்டி ஒரு முன்னோடி.

ஃபுளோயர் தம் கடிகாரத்தைக் கண்ணை மூடிக் கொண்டு நம்பவில்லை. கப்பல்களில் நேரம் பார்க்கப் பயன்பட்ட மணற்குடுவையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். கடிகாரம் சற்று விரைவாக ஓடுகிறது என்று தெரிய வந்தது. அதாவது, ஒரு நிமிடம் முழுமையாக முடிவதற்குள்ளேயே அது நின்று விடுகிறது. ஆகவே, கடிகாரத்தை வைத்து எண்ணிய தொகையோடு ஐந்து அல்லது ஆறு துடிப்பைக் கூட்டிக் கொள்வதாக அவரே எழுதி வைத்தார்.

நாடிக்கென்று செய்த கடிகாரம் பிழையோடுதான் பிறந்தது. செய்வித்தவர் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார், அளவிட்டார், மறைக்காமல் எழுதினார். முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கருவியை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வியை அவர் அன்றே கேட்டு விட்டார். இந்தக் கருவி எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? எவ்வளவு தவறுகிறது?

சமாராங்கில் பிறந்த மேதை

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எத்தியேன் ஜூல் மாரே மணிக்கட்டில் கட்டக் கூடிய ஒரு கருவியை உருவாக்கினார். நாடி எழும்பும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, புகை படிந்த தாளில் அலை அலையாகக் கோடு வரையும். மணிக்கட்டில் கருவி கட்டுவது புதுமை என்று நினைப்பவர்கள் 1860ஆம் ஆண்டையும் நினைத்துப் பார்க்கலாம்.

மாரேயின் கருவி இரத்தத்தின் அலையைப் பதிவு செய்தது. இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்தால் இன்னும் நெருங்கிப் போகலாம். இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதில் ஒரு சிறு மின்னோட்டம் பரவுகிறது. அதன் சாயல் தோல் வரை வந்து சேர்கிறது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித உடலின் மேற்பரப்பிலிருந்தே அதைப் பதிவு செய்து காட்டினார். ஆனால் பதிவு தெளிவாக இல்லை.

அதைத் தெளிவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். டச்சுக்காரர். இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு அவர் அந்நியர் அல்லர். 1860இல் ஜாவாத் தீவின் சமாராங் நகரில் பிறந்தவர் அவர். தந்தை அங்கு இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். தந்தை இறந்த பின் தாயார் பிள்ளைகளுடன் நெதர்லாந்து திரும்பினார். அங்கே படித்து, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த ஐந்தோவன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காந்தப் புலத்தில் மெல்லிய இழை அசையும் ஒரு கருவியை அமைத்தார். அதன் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். இயக்குவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டனர். சோதிக்கப்படுபவர் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக் கொண்டு அமர வேண்டும்.

அவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல முடியுமா? ஐந்தோவன் அதற்கும் வழி கண்டார். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனைக்கும் தம் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பி இழுத்து, 1905இல் நோயாளியின் இதயப் பதிவைத் தம் இடத்திலிருந்தபடியே பெற்றார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இசிஜி என்னும் இதய மின்வரைவு அவர் வகுத்த முறையின் வழி வந்தது. பட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் சோதிக்கும் ஆய்வாளர்கள் உரைகல்லாக வைத்துக் கொள்வதும் அந்த மின்வரைவைத்தான்.

முதுகில் சுமந்த 38 கிலோ

படுத்திருப்பவரின் இதயத்தை அளந்தாயிற்று. ஓடுபவரின் இதயத்தை அளப்பது எப்படி? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1940களின் பிற்பகுதியில் ஒரு வானொலி அலைபரப்பியை முதுகில் கட்டிக் கொண்டு மிதிவண்டி இயந்திரத்தை மிதித்தார். கம்பி இல்லாமல் அவருடைய இதயத்தின் மின்வரைவு பதிவானது. முதுகுச் சுமையின் எடை மட்டும் 38 கிலோ. பின்னர் அது படிப்படியாகச் சுருங்கி, நோயாளிகள் ஒரு நாள் முழுதும் அணிந்து திரியும் ஹோல்டர் கருவியாக மருத்துவமனைகளில் இடம் பிடித்தது.

விளையாட்டுத் திடலுக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். பனிச்சறுக்கு அந்நாட்டின் தேசிய விளையாட்டு போன்றது. வீரரை நிறுத்தி நாடி பார்ப்பதற்குள் துடிப்பு இறங்கி விடும். கையுறையும் தடித்த உடையும் வேறு தடை. ஓலு பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் பேராசிரியர் செப்போ சாய்நாயாகாங்கஸ் இதற்குத் தீர்வு தேடி, 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம், இரண்டுக்கும் இடையே கம்பியில்லாத் தொடர்பு என்ற அமைப்பில் உருவான கருவி 1982இல் வெளிவந்தது. ஐந்தோவனின் 270 கிலோ ஒரு மார்புப்பட்டைக்குள் அடங்கி விட்டது.

பச்சை விளக்கின் வருகை

மார்புப்பட்டை சரியாகக் காட்டும். ஆனால், அணிவது தொல்லை. ஈரப்படுத்த வேண்டும், இறுக்க வேண்டும், வியர்வையில் கசகசக்கும். கடையில் வாங்கி மூன்று நாள் கட்டிப் பார்த்து அலமாரியில் போட்டவர்கள் ஏராளம். மக்கள் விரும்பியது கையில் கட்டினால் போதும் என்ற வசதியை.

அதற்கான அறிவியல் 1930களிலேயே தயாராக இருந்தது. தோல் மீது ஒளி பாய்ச்சினால், உள்ளே இரத்தம் கூடும்போது அதிக ஒளி உறிஞ்சப்படும், குறையும்போது அதிக ஒளி திரும்பி வரும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அதுவே நாடி. அமெரிக்க அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் இந்த முறையை ஆராய்ந்து எழுதினார். 1970களில் ஜப்பானின் தகுவோ அவோயாகி அதே அடிப்படையில், விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காணும் வழியைக் கண்டார். கொவிட் காலத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த விரல் கருவி அதன் வாரிசு.

2010களில் இந்த ஒளி கைக்கடிகாரத்தின் அடிப்பக்கத்துக்கு வந்தது. கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் மினுக்கும் பச்சை விளக்குதான் அது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால் அந்த நிறம். 2015இல் ஆப்பிள் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் தேசிய நடைச் சவாலைத் தொடங்கி, பங்கேற்றோருக்கு நடை எண்ணும் பட்டைகளை இலவசமாகவே வழங்கியது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் பேசிக் கொண்டிருந்த பாட்டிமார்கூடத் தங்கள் நடையை எண்ணத் தொடங்கினர்.

உரைகல்லில் உரசியபோது

வசதி கூடியது. துல்லியம் கூடியதா? ஆய்வாளர்கள் ஃபுளோயர் செய்ததைச் செய்தார்கள். புதிய கருவியைப் பழைய உரைகல்லோடு ஒப்பிட்டார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லண்டு மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 50 பேரை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் விட்டு, மின்வரைவோடு நான்கு மணிக்கட்டுக் கருவிகளையும் ஒரு மார்புப்பட்டையையும் ஒப்பிட்டனர். 2016இன் இறுதியில் முடிவு வெளியானது. முழுப் பொருத்தத்துக்கு 1 என்று வைத்தால் மார்புப்பட்டை 0.99 பெற்றது. மணிக்கட்டுக் கருவிகள் 0.83 முதல் 0.91 வரை பெற்றன.

2017இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகம் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் பிழையாகக் காட்டின. மோசமில்லை. ஆனால், எரித்த கலோரி எவ்வளவு என்று அவை காட்டிய கணக்கு வேறு கதை. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு. முந்நூறு கலோரி எரித்தாயிற்று என்று கடிகாரம் சொன்னதை நம்பி இரண்டு ரொட்டிச் சானாய் கூடுதலாகச் சாப்பிடுகிறவர் யோசிக்க வேண்டிய செய்தி இது.

ஏன் தவறுகிறது? ஒளி முறைக்குச் சில இயற்கையான பகைவர்கள் உண்டு. முதலாவது அசைவு. கை வீசும்போது கருவி தோலிலிருந்து நழுவினால் ஒளி சிதறும். சில வேளைகளில் ஓட்டத்தின் காலடித் தாளத்தையே இதயத் துடிப்பு என்று கருவி எண்ணி விடும். ஓடுபவரின் காலடி நிமிடத்திற்கு 160க்கும் மேல் விழும் என்பதால், இதயம் 130இல் இருக்கும்போதும் கருவி 160 என்று காட்டக் கூடும். இரண்டாவது குளிர். குளிரூட்டிய உடற்பயிற்சிக்கூடத்தில் நுழைந்தவுடன் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், அலை பலவீனமாகும். மூன்றாவது திடீர் மாற்றம். விரைவாக ஓடி, நின்று, மீண்டும் ஓடும் பயிற்சியில் மணிக்கட்டுக் கருவி பின்தங்கும். எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்குவதும் அதைக் குழப்பும். பச்சை குத்திய தோலிலும் ஒளிக்குத் தடை உண்டு.

கறுத்த தோலும் பச்சை ஒளியும்

தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான கேள்வி ஒன்று உண்டு. தோலின் கருமை நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சும். அப்படியானால் கறுத்த தோலில் இந்தக் கருவிகள் தவறுமா?

கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பற்றி அதிர்ச்சியான செய்தி தந்தது. உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாகவே இருக்கிறது என்று காட்டிய நிலை, வெள்ளையரிடம் 3.6 விழுக்காட்டு அளவீடுகளில் காணப்பட்டது. கறுப்பினத்தவரிடம் அது 11.7 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு. பல ஆண்டுகளாக மருத்துவமனைகளில் நம்பிப் பயன்படுத்திய கருவி அது.

இதயத் துடிப்பைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. துடிப்பை எண்ணுவதற்கு அலை தெரிந்தால் போதும். ஆக்சிஜனை அளப்பதற்கு நிறங்களின் விகிதமே சரியாக வேண்டும். மேற்சொன்ன ஸ்டான்ஃபர்டு ஆய்வு கறுத்த தோலில் பிழை கூடுவதாகக் கண்டது. 2020இல் டியூக் பல்கலைக்கழகம் 53 பேரிடம் செய்த ஆய்வு, தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஓய்வில் இருக்கும்போதைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு அதிகம் என்பதே அங்கே கிடைத்த பெரிய வேறுபாடு. ஆய்வுகள் ஒன்றுபோல் முடியாதபோது, ஒவ்வொருவரும் தம் தோலில் தாமே சோதித்துப் பார்ப்பது நல்லது. மார்புப்பட்டை மின்சாரத்தை அளப்பதால் தோலின் நிறம் அதற்கு ஒரு பொருட்டன்று.

220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு

கருவி சரியாகவே காட்டுகிறது என்று வைத்துக் கொண்டாலும், அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே இதயத்தின் உச்ச வேகம் என்ற கணக்கு உடற்பயிற்சிக்கூடங்களின் சுவர்களிலும் கைக்கடிகாரங்களின் உள்ளேயும் நிலைத்து விட்டது. அதன் வரலாறு வேடிக்கையானது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கலும் ஏற்கெனவே வெளியாகியிருந்த ஏறக்குறைய பத்துப் பதினொரு ஆய்வுகளின் புள்ளிகளை வரைபடத்தில் இட்டு, அவற்றினூடே ஒரு கோடு செல்வதைக் கவனித்தனர். இதய நோயாளிகளுக்கான பயிற்சிக்கு ஒரு பொதுவான வழிகாட்டியாகத்தான் அதைக் கருதினர். எல்லாருக்கும் பொருந்தும் விதி என்று அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. ஆனால், கணக்கு எளிதாக இருந்ததால் உலகமெங்கும் பரவி விட்டது.

2001இல் டனாக்காவும் உடன் ஆய்வாளர்களும் 351 ஆய்வுகளைத் திரட்டி, 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது பொருத்தமானது என்றனர். நாற்பது வயதில் இரண்டு கணக்கும் 180 என்றே வரும். எழுபது வயதில் பழைய கணக்கு 150 என்கிறது, புதியது 159 என்கிறது. பழைய கணக்கு முதியோரைக் குறைத்தே மதிப்பிட்டு வந்தது. இரண்டுமே சராசரிகள்தாம். ஒரே வயதுடைய இருவரின் உச்ச வேகம் இருபது துடிப்பு வேறுபட்டாலும் இருவருமே நலமாக இருக்கலாம்.

இரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில மாத்திரைகள் துடிப்பின் வேகத்தையே அடக்கி வைக்கும். பீட்டா தடுப்பான்கள் என்பவை அந்த வகை. அவற்றை உட்கொள்பவருக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தா. கடிகாரம் "இன்னும் வேகமாக" என்று தூண்டும். உடலோ ஏற்கெனவே தன் எல்லையில் நின்று கொண்டிருக்கும். அவர்களுக்கு உரிய எண்ணை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

யாருக்கு எது?

இந்த வரலாற்றிலிருந்து வாங்குவோருக்குச் சில தெளிவுகள் கிடைக்கின்றன.

நாள்தோறும் நடப்பதும் மெதுவோட்டமும் மட்டும்தான் பயிற்சி என்றால் மணிக்கட்டுக் கருவி போதும். விலை உயர்ந்ததே துல்லியமானது என்ற எண்ணம் தேவையில்லை. கூடுதல் விலையில் பெரும்பகுதி திரைக்கும் இருப்பிடம் காட்டும் வசதிக்கும் பெயருக்கும் போகிறது. வாங்க நினைக்கும் அதே மாதிரியைச் சார்பற்றவர்கள் மின்வரைவோடோ மார்புப்பட்டையோடோ ஒப்பிட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரின் சொல் மட்டும் போதாது.

வேகத்தை மாற்றி மாற்றி ஓடுபவர்கள், மிதிவண்டிப் பந்தயக்காரர்கள், துடிப்பை ஓர் எல்லைக்குள் வைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் ஆகியோருக்கு மார்புப்பட்டையே ஏற்றது. அதன் மின்முனைகளை நீரால் நனைத்து, மார்புக்குக் கீழ் நழுவாதபடி கட்ட வேண்டும். மார்புப்பட்டை பிடிக்காதவர்கள் மேற்கையில் கட்டும் ஒளிப்பட்டையை நாடலாம். அங்கே சதையும் இரத்த ஓட்டமும் அதிகம், அசைவு குறைவு.

மணிக்கட்டில் கட்டுபவர்கள் எலும்பு முட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். பயிற்சி தொடங்கிச் சில நிமிடங்கள் உடல் சூடேறும் வரை எண்ணைப் பெரிதாக எடுத்துக் கொள்ளக் கூடாது.

கடிகாரம் இதயத் தாளத்தின் ஒழுங்கின்மையை எச்சரித்தால் அதை அலட்சியப்படுத்தவும் கூடாது, அதைக் கண்டு நடுங்கவும் கூடாது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆப்பிள் கடிகாரம் அணிந்த 4 இலட்சத்து 19 ஆயிரம் பேர் பங்கேற்றனர். எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர் மட்டுமே. பின்னர் அனுப்பப்பட்ட மின்வரைவுப் பட்டையை அணிந்து திருப்பித் தந்தவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்தக் கோளாறு உறுதியானது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால், பட்டையில் தெரியாதவர்கள் அனைவருக்கும் ஒன்றுமில்லை என்றும் கொள்ள முடியாது. கடிகாரம் கதவைத் தட்டலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டியது மருத்துவரின் மின்வரைவு. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் எந்தக் கருவியையும் கட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

காசு கொடுக்காத கருவி

எந்தக் கருவியை வாங்கினாலும் அதைச் சோதிக்கும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, ஒரு கையின் இரண்டு விரல்களை மறு கையின் கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முப்பது வினாடி எண்ணி, இரண்டால் பெருக்கினால் துடிப்பு தெரியும். மணிக்கட்டு எண்ணோடு ஒப்பிடலாம். பிறகு பத்து நிமிடம் விரைவாக நடந்து, நின்ற உடனேயே பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். துடிப்பு விரைவில் இறங்கி விடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. சில நாள் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் கருவி எங்கே சரி, எங்கே தவறுகிறது என்பது விளங்கி விடும். ஐந்தாறு துடிப்பு வேறுபாடு என்றால் விரலால் எண்ணுவதிலும் அந்தப் பிழை நேரலாம், கவலை வேண்டாம். ஓய்விலேயே இருபது, முப்பது என்று விலகினால் அந்தக் கருவியை நம்பிப் பயன் இல்லை.

கருவியே இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான பயிற்சி. சில சொற்களுக்கு மேல் பேசவே மூச்சு வாங்கினால் அது கடுமையான பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தை இந்தச் சோதனையை வைத்தே செய்து முடிக்கலாம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால், கடிகாரத்தில் எந்த எண் தெரிந்தாலும் நின்று உதவி கேட்க வேண்டும்.

நூலில் தொங்கிய குண்டு, பெட்டிக்குள் ஓடிய கடிகாரம், உப்புநீர்ப் பாத்திரங்கள், 38 கிலோ முதுகுச் சுமை என்று நான்கு நூற்றாண்டுகள் நடந்து வந்த ஓர் அளவீடு இன்று மணிக்கட்டில் வந்து அமர்ந்திருக்கிறது. அதை அங்கே கொண்டு வந்தவர்கள் தங்கள் கருவியைச் சந்தேகித்துச் சோதித்தவர்கள். ஃபுளோயர் தம் கடிகாரத்தை நம்பினார், அதோடு ஐந்தாறு துடிப்பையும் கூட்டிக் கொண்டார். புதிய பட்டையைக் கட்டிக் கொண்டு பூங்காவுக்குப் புறப்படுகிறவரும் வீட்டு வாசலில் ஒரு முறை நின்று, இரண்டு விரல்களை வைத்து எண்ணிப் பார்த்து விட்டுப் போகலாம்.